வாடகைத் தாயாகிச் சம்பாதிக்க முடியுமா?

கடன் நெருக்கடி, வாடகைத் தாயாக இருந்தால் எவ்வளவு கிடைக்கும், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் இதற்குச் சட்டப்படி பணம் வாங்க முடியாது. ஒருகாலத்தில் குஜராத்தின் ஆனந்த் நகருக்கு வெளிநாட்டுத் தம்பதிகள் இதற்காகவே வந்தார்கள். 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டம் பணத்துக்குச் சுமப்பதைத் தடை செய்துவிட்டது. மருத்துவச் செலவு, சட்டம் குறிப்பிடும் மற்றச் செலவுகள், 36 மாதக் காப்பீடு, அவ்வளவுதான்.

சுமப்பவருக்கு 25 முதல் 35 வயது, திருமணமாகிச் சொந்தக் குழந்தை இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான். கருமுட்டை அவருடையதாக இருக்கக் கூடாது.

"லட்சக்கணக்கில் தருகிறோம், ஆதாரைக் கொடு" என்று ஒரு புரோக்கர் வந்தால் கொடுத்துவிடாதீர்கள். ஏற்பாடு செய்பவர்களுக்கு 10 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். இந்தப் பயம் இருப்பதால் எதையும் எழுத்தில் தரமாட்டார்கள். பேறுகாலத்தில் ரத்தப்போக்கோ சர்க்கரையோ வந்தால் யார் பார்ப்பார்கள்? இதுதான் எனக்குப் பெரிய கவலை.

சரி, கணவரோ மாமியாரோ வற்புறுத்துகிறார்களா? அப்படியானால் பயப்படாதீர்கள். வழக்கென்று வந்தால், வேறு நிரூபணம் இல்லாதவரை, அந்தப் பெண் கட்டாயப்படுத்தப்பட்டார் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். முறைப்படி சம்மதித்திருந்தாலும் கரு கர்ப்பப்பையில் வைக்கப்படும் முன்பு வரை மறுக்கலாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 181 மகளிர் உதவி எண்ணிலும் பேசலாம்.