கை வலியும் கால்சாகியின் ஓய்வும்

கேள்வி: மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் குத்துச்சண்டை பழகுகிறேன், சுண்டுவிரல் முட்டி வீங்குகிறது. வேல்ஸ் நாட்டுக் குத்துச்சண்டை வீரர் ஜோ கால்சாகி கை வலியால்தான் விலகினாரா? அவர் உண்மையிலேயே பெரிய வீரரா?

தம்பி, முதலில் கையைப் பாருங்கள். வளைத்து வீசும் குத்து சுண்டுவிரல் பக்கம் விழுந்தால், அந்த முட்டிக்குக் கீழுள்ள எலும்பின் கழுத்து முறியும். விரலை மடக்கும்போது முட்டி உள்வாங்கியிருந்தாலோ, விரல் பக்கத்து விரல்மேல் ஏறினாலோ ராஜாஜி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அதுவரை குத்துப் பையைத் தொடவே வேண்டாம். குணமானபின் கையில் சுற்ற 4.5 மீட்டர் துணிக்கட்டு, பையில் அடிக்க 16 அவுன்ஸ் கையுறை. விரல்களை விரித்துவைத்துக் கட்டுங்கள், இல்லையென்றால் முஷ்டி மடக்கியதும் இறுகி மரத்துப்போகும். மணிக்கட்டில் தளர்ந்தால் கை மடங்கும். அடி ஆள்காட்டி, நடுவிரல் முட்டிகளில்தான் விழவேண்டும்.

கால்சாகிக்குக் கைக்காயம் நெடுநாள் தொல்லை. 2006-இல் அமெரிக்க வீரர் ஜெஃப் லேசியுடன் மோதாமல் விலகவே நினைத்தார், தந்தை என்சோ தடுத்தார். முஷ்டியால் குத்தாமல் உள்ளங்கையால் தட்டுகிறார் என்ற குறைக்கும் அந்தக் கைகளே பெருமளவு காரணம். 2009-இல் 46 போட்டிகளிலும் வென்ற நிலையில் ஓய்வு பெற்றார். அதற்குக் கை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அமெரிக்க வீரர்களான பெர்னார்ட் ஹாப்கின்ஸுக்கு 43, ராய் ஜோன்ஸுக்கு 39 வயதானபிறகே மோதினார் என்பது நியாயமான குறைதான். ஆனால் 2007-இல், அதுவரை தோற்காத டென்மார்க் வீரர் மிக்கேல் கெஸ்லரை வென்றாரே, என் கணக்கில் அது ஒன்றே அவரைப் பெரிய வீரராக்கப் போதும்.