மே மாதத்தைத் தாங்குமா உங்கள் பவளத் தொட்டி?

நங்கநல்லூர் வீட்டுக் கூடத்தில் 14 ஆண்டுகளாக ஒரு பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளமும் மீனும் வாழும் கடல்நீர்த் தொட்டி, ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு முறை தோற்றேன், மூன்றாவதுதான் நின்றது. கேட்டவர்களின் கேள்விகளைச் சுருக்கி ஒவ்வொரு பதிலுக்கும் மேலே தந்திருக்கிறேன். பதில்களைச் சுருக்க மனம் வரவில்லை.

அண்ணா, ஐந்து ஆண்டுகளாக நன்னீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இப்போது பவளத் தொட்டி ஆசை. முதலில் என்ன வாங்குவது? சின்னதாக ஒன்றில் பழகிவிட்டுப் பெரியதற்குப் போகலாமா? (வேளச்சேரி)

முதலில் ஒரு வெப்பமானி வாங்குங்கள் தம்பி. தொட்டி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, பிற்பகல் 3 மணிக்கு ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். உங்களுக்கு வேண்டியது 25 முதல் 27 டிகிரி. மே மாத வாளி 32, 33 காட்டும். அந்த ஆறு டிகிரிதான் உங்கள் செலவு, உங்கள் வேலை, உங்கள் தூக்கம் எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகிறது. கண்ணாடித் தொட்டி இந்தக் கணக்கில் மிக மலிவான சாமான்.

சின்னதில் பழகுவது என்பது நன்னீரில் சரி. இங்கே தலைகீழ். 30 லிட்டரில் ஒரு மீன் செத்து மறைவில் கிடந்தால் மறுநாள் காலைக்குள் மொத்தமும் போகும். 200 லிட்டரில் அதே மீன் செத்தால் உங்களுக்கு யோசிக்க ஒரு நாள் கிடைக்கும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 10 மி.மீ. கண்ணாடி, தொடங்குகிறவருக்கு அது போதும். 190 லிட்டர் பிடிக்கும். கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 280 கிலோ அளவுக்கு வரும். நாலு பெரியவர்கள் ஒரே இடத்தில் இரவும் பகலும் நிற்கிற மாதிரி. சுவரோரமாக, உத்தரத்துக்கு மேல் வருகிற மாதிரி வையுங்கள். பால்கனி வேண்டவே வேண்டாம்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியின் விலையைக் கேட்டுத் தலை சுற்றுகிறது. மேலே இரண்டு சின்ன மின்விசிறி வைத்தால் ஆகாதா? (மதுரை)

உங்கள் ஊருக்கு ஓரளவு ஆகும், எங்கள் ஊருக்கு அவ்வளவாக ஆகாது. விசிறி குளிர்ச்சியைக் கொண்டுவருவதில்லை. தண்ணீரை ஆவியாக்குகிறது, ஆவி போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானை செய்கிற வேலைதான். காற்று வறண்டிருந்தால் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். சென்னையில் காற்றே ஈரத்துணி. இரண்டு டிகிரி இறங்கினால் அதிர்ஷ்டம். மதுரையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும்.

பவளத்தின் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை உணவாக்கிப் பவளத்துக்குப் பங்கு கொடுப்பது அதுதான், நிறத்தில் பெரும்பகுதியும் அதுதான். தண்ணீர் வழக்கத்தைவிட ஓரிரண்டு டிகிரி ஏறி வாரக்கணக்கில் நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு வெள்ளை எலும்பு தெரியும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவிலேயே இப்படி வெளுத்தது. கடலுக்கே தாங்கவில்லை என்றால் மூன்றடிப் பெட்டி எம்மாத்திரம்? மீனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்.

சில்லருக்குப் பணம் சேரும் வரை தொட்டியைத் தள்ளிப்போடுங்கள். அறைக்கு இரவும் பகலும் ஏ.சி. ஓடுகிறது என்றால் மட்டும் விதிவிலக்கு.

ஐயா, எங்கள் ஊர்க் கரையில் பவளக்கல் கிடக்கிறது. நாலு கல்லை எடுத்துத் தொட்டியில் போட்டுக்கொண்டால் என்ன? (தூத்துக்குடி)

என்ன என்று கேட்டால், சிறை. கடினப் பவளங்கள் அத்தனையும், கருப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம், குழல் பவளம், இவற்றோடு கடல் குதிரையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அந்தக் கல்லுக்கும் உண்டு. செத்த கல்தானே என்ற வாதம் எடுபடாது.

சட்டத்தை விடுங்கள், உங்கள் ஊர்க் கதையைப் பாருங்கள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் படகு படகாகப் பவளத்தை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. பவளத்தை வெட்டியது அதற்கு முக்கியக் காரணம். அலையைத் தடுக்கும் மதிலைப் பெயர்த்தால் தீவு எப்படி நிற்கும்?

தொட்டிக்கு உலர்ந்த செயற்கைக் கல் போதும். வெள்ளை வெளேரென்று அசிங்கமாக இருக்கும். ஓர் ஆண்டில் ஊதா நிறப் பாசி படர்ந்து அதுவே அழகாகிவிடும். உயிருக்கு மென்பவளங்களை வையுங்கள்: காளான் பவளம், தோல் பவளம், சோயாந்திட் என்ற பட்டன் பவளம். கையாளவும் அவைதான் எளிது. அவற்றையும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். ‘வெளிநாட்டுச் சரக்கு’ என்று கடைக்காரர் கடினப் பவளத்தை நீட்டினால், அது எங்கிருந்து வந்தது என்ற காகிதத்தைக் கேளுங்கள். முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறது, உப்பும் மலிவு. காசு கொடுத்து வெளிநாட்டு உப்பு எதற்கு? (திருவான்மியூர்)

இதை ஆண்டுக்கு இருபது பேர் கேட்கிறார்கள். கல் உப்பு எப்படி உண்டாகிறது என்று மரக்காணம் உப்பளத்தில் நின்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் வற்றவிடுகிறார்கள். முதல் பாத்திகளிலேயே சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்து தங்கிவிடும். பிறகு உப்பு விளையும். மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மக்னீசியமும் பொட்டாசியமும் போய்விடும். ஆக, நம் சமையலுக்கு வருவது கடலின் ஒரே ஒரு துண்டு. பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் வழியிலேயே கழிந்தவை. தொட்டி உப்பு அவற்றைத் திரும்பச் சேர்த்துக் கலந்தது. 190 லிட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ பிடிக்கும்.

கடல்நீரையே எடுக்கலாமே என்றால், கரையிலிருந்து எடுக்காதீர்கள். கூவமும் அடையாறும் கடலில் கலக்கும் ஊர் இது. வடகிழக்குப் பருவமழையில் கரையோர நீரின் உப்பும் நீர்த்துப்போகும். படகில் வெகுதூரம் போய் எடுத்துவருகிற ஆள் உங்களுக்கு இருந்தால் பேசலாம்.

கடற்கரை மணலும் கூடாது. நம் கரை மணலில் கருப்பாக மினுங்குகிறதே, அதில் காந்தத்தில் ஒட்டும் துகள் உண்டு. கண்ணாடி துடைக்கும் காந்தத் துடைப்பானில் ஒரு துகள் ஏறினாலும் ஒரே இழுப்பில் கோடு விழும். என் முதல் தொட்டியின் முன்பக்கம் இன்றும் மாடியில் சாட்சியாக இருக்கிறது.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் போதுமா?

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பாருங்கள். குடிநீர் ஆர்.ஓ. ருசிக்காகக் கொஞ்சம் உப்பை வேண்டுமென்றே விட்டுவைக்கும். 50, 80 என்று காட்டும். உங்களுக்குச் சுழியம் வேண்டும். ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழாய் மாட்டினால் வந்துவிடும். வீட்டில் செப்புக் குடம் இருந்தால் அதில் மட்டும் பிடிக்காதீர்கள். நமக்கு நல்லது என்று பாட்டி சொன்ன செம்பு, இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம்.

கல்லும் தண்ணீரும் தயார். இரண்டு நாளில் மீன் விடலாம், டாம்செல் என்ற மீனைப் போட்டால் சாகாது என்கிறார் கடைக்காரர். (கோவை)

சாகாது, அவ்வளவுதான். மீன் கழிவு அம்மோனியாவாகும். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரேட்டாக்கும். இந்த இரண்டு கூட்டமும் கல்லின் துளைகளில் குடியேற நாலு முதல் ஆறு வாரம். அதுவரை டாம்செல் தன் கழிவிலேயே வெந்துகொண்டிருக்கும். பிழைத்துவிட்டால் இன்னும் மோசம்: முதலில் வந்த திமிரில், அடுத்து வருகிற மீனையெல்லாம் மூலையில் தள்ளிக் கடிக்கும். அதைப் பிடிக்க மொத்தக் கல்லையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

சந்தையில் ஓர் இறால் வாங்கி வலைப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், இரண்டும் இறங்கும். பிறகு 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு அம்மோனியா ஊற்றிப் பாருங்கள். 24 மணி நேரத்தில் இரண்டுமே சுழியம் காட்டினால் மீன் வாங்கப் போகலாம். உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு), காரத்தன்மை அதன் அலகான டி.கே.எச்.-இல் 8 முதல் 9 இருக்கட்டும். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பவளம் வளரத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏழாவது வாரம். எல்லாவற்றின் மேலும் பழுப்புத் தூசி. என்ன மருந்து?

மருந்து எதுவும் வேண்டாம். டையாட்டம் என்ற நுண்பாசி. தானே போகும்.

மகளுக்குத் திரைப்படத்தில் வரும் ஆரஞ்சு மீன், நீல மீன் இரண்டும் வேண்டுமாம், அனிமோன் எனும் கடல் சாமந்தியோடு. (தாம்பரம்)

மூன்றில் ஒன்றுக்குத்தான் சரி சொல்வேன் அம்மா. ஆரஞ்சு, அதாவது கோமாளி மீன், வாங்கலாம். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. பண்ணையில் பிறந்ததா என்று கேட்டே வாங்குங்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது எனச் சின்னக் குஞ்சுகளாகப் பாருங்கள். எல்லாம் ஆணாகவே வளரும். பிறகு பெரியது பெண்ணாகிவிடும். இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

அனிமோன் இல்லாமலும் அவை சுகமாக இருக்கும். அனிமோனுக்குக் குறைந்தது ஆறு மாதம் முதிர்ந்த தொட்டி வேண்டும். அதற்கு முன்பே விட்டால் ஊர்ந்து போய்ப் பம்பில் மாட்டிக் கூழாகும்.

நீல மீன் வேண்டாம். கடையில் இரண்டு அங்குலம், வளர்ந்தால் ஓரடி. ஆறடித் தொட்டியில் நீந்த வேண்டியது. விற்பனைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் கடலில் பிடித்தவை.

எது வாங்கினாலும் தனியாக ஒரு சிறு தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். வெள்ளைப்புள்ளி நோய் உள்ளே நுழைந்தால் மீன்களையெல்லாம் வெளியே எடுத்து, பெரிய தொட்டியைப் பத்துப் பதினோரு வாரம் மீனில்லாமல் ஓட்ட வேண்டும். பவளம் இருக்கிற தொட்டியில் செம்பு மருந்து ஊற்ற முடியாது என்பதால் வேறு வழி இல்லை.

ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தேன். பவளமெல்லாம் சுருங்கிக் கிடக்கிறது. அம்மா தினமும் தண்ணீர் ஊற்றினார்களாம். (அம்பத்தூர்)

எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். நீங்கள் கலந்துவைத்திருந்த உப்புநீரை ஊற்றியிருப்பார்கள். கடல்நீர்த் தொட்டிதானே, அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே நிற்கிறது. 200 லிட்டரில் விசிறி ஓடினால் நாளைக்கு 5 லிட்டர் போகும். ஒன்றுமே ஊற்றாமல் விட்டிருந்தால் ஏழு நாளில் உப்பு 35-இலிருந்து 42-க்குப் போயிருக்கும். உப்புநீரை ஊற்றினாலும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கும். ஈடுகட்ட வேண்டியது உப்பில்லாத சுத்தத் தண்ணீரால் மட்டும். இப்போது அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்காதீர்கள். தினமும் ஒன்று, ஒன்றரை பி.பி.டி. போதும். அடுத்த முறை மிதவை வைத்த தானியங்கிப் பம்ப் ஒன்றை மாட்டிவிட்டுப் போங்கள்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? கரண்ட் போனால் என்ன செய்வது?

கோடையில் சில்லர் ஒரு நாளைக்கு 2 யூனிட், விளக்கு முக்கால், பம்புகளும், அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரும் ஒன்றேகால். நாளைக்கு 4 என்றால் இரண்டு மாதப் பில்லில் 240 யூனிட். ஏற்கெனவே 300 எரிக்கிற வீடு என்றால் 500-ஐத் தாண்டுவீர்கள். அதற்கு மேல் விகிதமே வேறு. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்.

கரண்ட் போனால் முதலில் கொல்வது சூடு அல்ல, மூச்சு. ஒரு புயல் இரவில் என் தொட்டியை டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டாவது மணி நேரத்திலேயே மீன்களெல்லாம் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. விடியும் வரை குவளையால் மொண்டு மொண்டு ஊற்றினேன். மறுநாளே பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் வாங்கினேன். இன்வெர்ட்டர் இருந்தால் தண்ணீரை அசைக்கும் வேவ்மேக்கர் ஒன்றை மட்டும் அதில் கொடுங்கள். சில்லரைக் கொடுத்தால் அரை மணியில் படுத்துவிடும்.

வேறு எதற்குப் பயப்பட வேண்டும்?

கொசு மருந்துக்கு. சுருளிலும் திரவத்திலும் இருக்கும் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. தொட்டியின் காற்றுப் பம்ப் அதை உறிஞ்சி நேரே தண்ணீருக்குள் ஊதும். அந்தக் கூடத்துக்குக் கொசுவலைதான்.

சோயாந்திட் படர்ந்த கல்லைச் சுத்தம் செய்வதாக நினைத்துக் கொதிக்கவைக்காதீர்கள். சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. வெட்டும்போது கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி.

சரி சார், எல்லாம் புரிந்தது. இப்போது மார்ச். இந்த வாரமே தொடங்கலாமா?

தொடங்குங்கள், ஆனால் கல்லையும் உப்புநீரையும் மட்டும் வைத்து. இறாலைத் தொங்கவிடுங்கள், சில்லரை ஓட்டுங்கள், கத்திரி வெயில் முழுக்க வெப்பமானியைப் பார்த்துக் குறித்துவையுங்கள். வெறும் தொட்டியைப் பார்த்து விருந்தாளிகள் சிரிப்பார்கள். மேயில் 27 டிகிரியைத் தாண்டாமல் நின்றால் ஆடி முடிந்து இரண்டு கோமாளிக் குஞ்சுகள் வாங்கலாம். தாண்டினால் எனக்கு எழுதுங்கள், உள்ளே சாக இன்னும் எதுவும் இல்லையே.