கோபம், ஏமாற்றம், வெட்கம்: பிரெஞ்சு படித்தவர்களின் ஆங்கிலக் கேள்விகள்

பாரிஸிலோ புதுச்சேரியிலோ பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு இப்போது லண்டன், டொரொண்டோ என்று போயிருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. மனக்கஷ்டத்தை ஆங்கிலத்தில் சொல்லப்போனால் தப்பான சொல் வந்து விழுகிறது என்பதுதான் எல்லோருடைய குறையும். பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுப்பதுதான் என் தொழில், அதனால் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

கேள்வி: மேலாளருக்கு 'ஐ ஆம் டிசீவ்ட் பை யுவர் டிசிஷன்' என்று மெயில் அனுப்பினேன். அதிலிருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை. அப்படி என்ன எழுதிவிட்டேன்?

பதில்: நீங்கள் மனதில் நினைத்தது பிரெஞ்சு 'தெஸ்யூ', அதாவது எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்ற வருத்தம். ஆனால் 'டிசீவ்ட்' என்றால் பொய் சொல்லி என்னை மோசம் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அவர் படித்தது ஒரு குற்றச்சாட்டு, அதனால்தான் முகம் மாறிவிட்டது. தமிழிலும் 'ஏமாற்றமாக இருக்கிறது' வேறு, 'ஏமாற்றிவிட்டார்' வேறு இல்லையா, அதே வித்தியாசம்தான். உங்களுக்கு வேண்டியது 'டிஸப்பாயிண்டட்'. அதற்குப் பின்னால் என்ன சேர்க்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். 'டிஸப்பாயிண்டட் வித் த டிசிஷன்' என்றால் வருத்தம் முடிவைப் பற்றியது. 'டிஸப்பாயிண்டட் இன் யூ' என்றால் அந்த ஆளின் குணத்தையே குறை சொல்கிறீர்கள், அது ஆழமாகக் குத்தும். இன்னொன்று, இங்கிலாந்தில் ஒரு மேலாளர் 'எ பிட் டிஸப்பாயிண்டட்' என்று சொன்னால் கொஞ்சம் வருத்தம்தானே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், அங்கே அது பலமான கண்டிப்பாகவே இருக்கக்கூடும். அவரிடம் நேரில் போய், சொல் மாறிவிட்டது, பிரெஞ்சிலிருந்து வந்த குழப்பம் என்று சொல்லிவிடுங்கள். புரிந்துகொள்வார்.

எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை: எழுத்தில் ஒன்றுபோல் இருக்கும் சொல்லை நம்பாதீர்கள். 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக ஆங்கிலத்துக்குள் போயின. போனவற்றில் பல அங்கேயே இருந்து வேறு பொருள் எடுத்துக்கொண்டன.

கேள்வி: 'எனெர்வே' என்பதற்கு 'நெர்வஸ்' சரிதானே?

பதில்: இல்லை. எனெர்வே என்பது எரிச்சல், அதற்கு 'அனாய்ட்' அல்லது 'இரிட்டேட்டட்'. நெர்வஸ் என்பது இண்டர்வியூவுக்கு முன்னால் வயிற்றைக் கலக்குகிறதே, அந்தப் பதற்றம்.

கேள்வி: 'ழெ மான்னுயி' என்பதற்கு 'ஐ ஆம் அனாய்ட்' என்றேன். ஏன் கோபம் என்று கேட்கிறார்கள்.

பதில்: அந்தப் பிரெஞ்சு வினைக்கு அலுப்பூட்டு, தொந்தரவு செய் என்று இரண்டு வேலை. ஆங்கிலத்துக்குப் போனது தொந்தரவு மட்டும்தான். பொழுது போகவில்லை என்றால் 'ஐ ஆம் போர்ட்'. 'ஐ ஆம் போரிங்' என்று சொல்லிவிடாதீர்கள், பிறருக்கு அலுப்பூட்டுகிற ஆள் நான் என்று ஆகிவிடும்.

கேள்வி: வெட்கத்துக்கு 'ஓன்த்' என்ற ஒரே சொல் பிரெஞ்சில் போதும். ஆங்கிலத்தில் 'அஷேம்ட்', 'எம்பாரஸ்ட்' என்று இரண்டு எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம் என்று உள்ளே குறுகுறுப்பது அஷேம்ட். யாரும் பார்க்காவிட்டாலும் அது இருக்கும். அம்மாவிடம் பணம் விஷயமாகப் பொய் சொன்னீர்கள் என்றால் அது. நாலு பேர் முன்னால் சட்டைப் பொத்தான் தெறித்தால், பேரை மறந்து உளறினால், அது எம்பாரஸ்ட். அங்கே தப்பு ஒன்றும் இல்லை, கூச்சம்தான். பிரெஞ்சிலும் இதற்கு வழி இருக்கிறது, 'ழெனே' என்று சொல்ல முடிகிற இடமானால் பெரும்பாலும் எம்பாரஸ்ட் பொருந்தும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'லா ஓன்த்!' என்று கத்துகிறார்களே, அதுவும் எம்பாரஸிங்தான், பாவ உணர்ச்சி இல்லை.

மறுப்பு: நான் லண்டனில்தான் இருக்கிறேன். வெள்ளைக்காரர்களே எல்லாவற்றுக்கும் எம்பாரஸ்ட் என்கிறார்கள். வீணாகப் பிரித்துக் குழப்புகிறீர்கள்.

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். பெரிய தப்பைச் செய்துவிட்டு அதைச் சின்னதாகக் காட்ட எம்பாரஸ்ட் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் பொத்தான் தெறித்ததற்கு அஷேம்ட் என்று சொல்கிறவரைக் காட்டுங்கள் பார்ப்போம். சின்ன சொல்லைப் பெரிய இடத்தில் போட்டால் சமாளிக்கலாம், பெரிய சொல்லைச் சின்ன இடத்தில் போட்டால் முடியாது. பிள்ளையிடம் 'யூ ஆர் எம்பாரஸிங் மீ' என்றால் இப்போது இப்படிச் செய்யாதே என்பது. 'ஐ ஆம் அஷேம்ட் ஆஃப் யூ' என்றால் அந்தப் பிள்ளை அதை எத்தனை வருஷம் சுமக்கும் என்று யோசியுங்கள்.

இன்னொருவர்: தமிழில் வெட்கம் என்ற ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறதே?

பதில்: சொல்வதில்லை. 'வெட்கமா இல்லையா உனக்கு?' என்று அதட்டும்போது அது அஷேம்ட். கல்யாணப் பெண்ணின் வெட்கம் 'ஷை'. அவமானப்படுத்திவிட்டார்கள் என்பது 'ஹ்யூமிலியேட்டட்', அது அடுத்தவர் நமக்குச் செய்வது. கூச்சம், குற்ற உணர்வு, மானம் போனது என்று தமிழில் நாம் எவ்வளவோ பிரித்துப் பேசுகிறோம். வீட்டில் தமிழ் பேசுகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: உணர்ச்சி விஷயத்தில் பிரெஞ்சு வழியாக மட்டும் ஆங்கிலத்துக்குப் போகாதீர்கள். பிரெஞ்சில் ஒன்றாகத் தெரிவது தமிழில் பல நேரம் பிரிந்தே இருக்கும்.

கேள்வி: டாக்டரிடம் 'ஆங்குவாஸ்' என்பதை எப்படிச் சொல்வது? 'ஆங்குவிஷ்' சரியா?

பதில்: வேண்டாம். ஆங்குவிஷ் என்பது தாங்க முடியாத வேதனை. ஆங்குவாஸ் என்பது மனப்பதற்றம், அதற்கு உங்களுக்கு வேண்டியது 'ஆங்ஸைட்டி'. திடீரென்று நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால் 'பேனிக் அட்டாக்' என்று சொல்லுங்கள். அதைவிட, நெஞ்சில் என்ன செய்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று விவரியுங்கள். இங்கிலாந்து அரசு மருத்துவத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், கட்டணம் இல்லை. அப்பாயிண்ட்மெண்ட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நெகட்டிவ் உணர்ச்சிச் சொற்கள் 100 தர முடியுமா?

பதில்: தரமாட்டேன். பட்டியலை மனப்பாடம் செய்ததால்தான் இத்தனை பேர் இங்கே கேள்வி கேட்டிருக்கிறீர்கள். யாரிடம், எதனால் என்று முழு வாக்கியமாகப் பத்து கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'மேட்' என்றால் கோபமா, பைத்தியமா?

பதில்: அமெரிக்காவில் பெரும்பாலும் கோபம், இங்கிலாந்தில் பெரும்பாலும் பைத்தியம். 'ஆங்க்ரி' இரண்டு இடத்திலும் செல்லும்.

கேள்வி: போரிங், போர்ட் எது சரி?

பதில்: மேலே சொல்லியாயிற்று. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: 'பிளெஸே' என்பதற்கு 'பிளெஸ்ட்'?

பதில்: இதுவும் அதே எழுத்து ஒற்றுமைதான். பிளெஸ்ட் என்றால் ஆசீர்வதிக்கப்பட்டவர். மனம் புண்பட்டால் 'ஹர்ட்', விபத்தில் அடிபட்டால் 'இஞ்சர்ட்'.

கேள்வி: கூட வேலை செய்யும் ஆங்கிலேயப் பெண்மணியின் தந்தை இறந்துவிட்டார். கார்டில் அவருடைய 'ஷக்ரேன்' பற்றியும், நான் 'தெஸொலே' (வருந்துகிறேன்) என்றும் எழுத நினைக்கிறேன்.

பதில்: கேட்டது நல்லதாயிற்று. பிரெஞ்சில் ஷக்ரேன் துக்கம். ஆங்கிலத்தில் அதே எழுத்துகளுக்கு நினைத்தது கைகூடாமல் போனதில் வரும் எரிச்சல், சங்கடம் என்று பொருள், மரண வீட்டுக்குப் போகக்கூடாத சொல். 'டெஸொலேட்டட்' என்பதும் கார்டில் ஒட்டாது. 'ஐ ஆம் ஸோ ஸாரி ஃபார் யுவர் லாஸ்' என்று எழுதுங்கள். அவருடைய தந்தையைப் பற்றி அவர் உங்களிடம் எப்போதாவது சொன்ன விஷயம் ஏதாவது நினைவிருந்தால், எளிய ஆங்கிலத்தில் அதையும் ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள்.