மருத்துவம் வேண்டாம், ஆற்று மண் போதும் என்கிற பிள்ளை

போன வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா, பதினோராம் வகுப்பு படிக்கும் மகளோடு என்னிடம் யோசனை கேட்க வந்தார். "டாக்டருக்குப் படிக்க மாட்டாளாம், ஆற்று மண்ணைப் படிக்கப் போறாளாம். எங்க அண்ணன் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டுட்டார்" என்று கண் கலங்கினார். பிள்ளை எதுவும் பேசாமல் ஓர் ஊறுகாய்ப் புட்டியை மேசையில் வைத்தாள். 2022 ஏப்ரல் வெள்ளம் வடிந்தபோது உம்லதுசானா ஆற்றோரம் அள்ளிய சேறு. தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்திருக்கிறாள். அடியில் பருமணல், மேலே நுண்மணல், உச்சியில் மெல்லிய களிமண். "தண்ணி அடங்க அடங்க எது முதல்ல இறங்குதுன்னு பாருங்க" என்றாள்.

கவலைப்படாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் அம்மா, அது போதாது. உங்கள் அண்ணன் சொல்வது தவறு. இங்கே மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் வீட்டை அடகு வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்கிறாரே, அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அங்கே படித்து முடித்தாலும் இங்கே வந்து தேர்வு எழுதித் தேற வேண்டும். அப்புறம் 2 வருடப் பயிற்சி, 1 வருடச் சமூகப் பணி. மனம் இல்லாத பிள்ளை இதில் எந்த இடத்திலும் நின்றுவிடலாம். கடன் நிற்காது.

கணக்கியல், சட்டம், கம்ப்யூட்டர் எல்லாம் உங்களுக்கே தெரியும். உங்கள் மகள் கேட்பது நிலவியல், அதாவது மண்ணும் பாறையும் படிந்த கதையைப் படிக்கும் ஜியாலஜி. அதைப் பற்றிப் பேசுவோம்.

நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்தின் உட்பகுதிக்குப் போயிருந்தால், டொங்கா என்கிற, மழை அரித்த ஆழமான பள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் சுவரில் செம்மண்ணும் கறுத்த மண்ணும் மாறி மாறி இருக்கும். கறுப்பு, புல் மூடி நிலம் அசையாமல் இருந்த காலம். சிவப்பு, சரிவிலிருந்து மண் அரித்து வந்து குவிந்த காலம். அடுக்கில் சிக்கிய மகரந்தம் அன்று என்ன செடி வளர்ந்தது என்று காட்டும். கரித்துண்டு கிடைத்தால் சுமார் 50,000 ஆண்டு வரை வயது கணிக்கலாம். கரி இல்லையா? மணலையே கேட்கலாம். இரும்புக் குழாயைச் சுவரில் அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் இரு முனையையும் மூடி எடுத்துப் போய், இருட்டறையில் மங்கிய சிவப்பு விளக்கில் திறப்பார்கள். அந்த மணல் கடைசியாக வெயிலைப் பார்த்தது எப்போது என்பது, ஆய்வகத்தில் தூண்டும்போது அது உமிழும் மங்கிய ஒளியிலிருந்து தெரியும். எனக்கு இன்றும் வியப்பு தீராத விஷயம் இது.

சோறு போடுமா என்றுதானே கேட்கிறீர்கள்? போடும். 1998 தண்ணீர்ச் சட்டப்படி புதுக் குடியிருப்பின் வரைபடத்தில் நூறாண்டு வெள்ளக் கோடு, அதாவது சராசரியாக நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் எட்டும் எல்லை, இருந்தாக வேண்டும். ஆற்றில் அளந்து எழுதிய கணக்கோ ஒரு நூற்றாண்டைத் தாண்டுவது அபூர்வம். அதற்கு முந்தைய வெள்ளங்களை மண்ணிடம்தான் கேட்க வேண்டும். ஆரஞ்சு ஆற்றின் கீழ்ப்பகுதியில் 5,500 ஆண்டு வெள்ளங்களின் தடயத்தை வண்டலிலிருந்துதான் படித்தார்கள். அந்தக் கண் உள்ளவர்கள் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனங்களுக்கும், நகராட்சிகளுக்கும், பிரிட்டோரியாவில் உள்ள நிலவியல் ஆய்வு மன்றத்துக்கும் வேண்டும்.

ஆனால் 3 வருட பிஎஸ்சியோடு நிறுத்தினால் வேலை கிடைப்பது கஷ்டம். அதற்கு மேல் படிக்கும் ஆனர்ஸ் 1 வருடம் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் இயற்கை அறிவியல் தொழில் மன்றத்தில் பதிய வேண்டும். உள்ளூரில் குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம், விடுதிச் செலவு மிச்சம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால் என்எஸ்ஃபாஸ் என்கிற அரசு மாணவர் உதவித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மதிப்பெண் கூடும் என்று யாராவது சொல்லி, கணிதத்தை விட்டு, அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித்தரும் எளிய பாடமான மேத்ஸ் லிட்டரசிக்கு மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் பிஎஸ்சி கதவு சாத்திக்கொள்ளும். இயற்பியல்-வேதியியலும் இருக்கட்டும்.

அடுத்த முறை அண்ணனையும் அழைத்து வாருங்கள். புட்டியை அவர் கையில் கொடுத்து, அவளே விளக்கட்டும்.