கேள்வி-பதில்: பூங்காவில் தட்டு எறியப் போகிறவர்களுக்கு

கோடை பிறந்தால் பிள்ளைகளைப் பார்க்க விமானம் ஏறுகிறவர்களிடமிருந்து கடிதங்கள் வரும். வழக்கமாக சிம் கார்டு, மருத்துவக் காப்பீடு, குக்கர் என்றுதான் கேட்பார்கள். இந்த முறை பாதிக்குமேல் டிஸ்க் கால்ஃப், அதாவது கூடையைக் குறிவைத்துத் தட்டு எறியும் ஆட்டம் பற்றி. சரி, மொத்தமாகப் பார்த்துவிடுவோம்.

மகன் வீடு சார்லட்டில். பக்கத்துப் பூங்காவில் இரும்புக் கம்பத்தில் சங்கிலி தொங்கும் கூடைகள். அதைக் குறிவைத்துத் தட்டு எறிகிறார்கள். கட்டணம் உண்டா? உறுப்பினராக வேண்டுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

இரண்டும் வேண்டாம். போய் எறியுங்கள் ஐயா. குறித்த இடத்திலிருந்து எறிவது, விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிவது, கூடையில் விழும்வரை எத்தனை எறிதல் என்று எண்ணுவது. ஆட்டம் அவ்வளவுதான். 9 கூடை அல்லது 18 கூடை. முதலில் மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் குப்பைத் தொட்டியையும் குறிவைத்துத்தான் ஆடினார்கள். ஃபிரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ கம்பெனியில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக் என்பவர் 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். சங்கிலிக் கூடையும் அவர் கைவேலைதான். 1976-இல் தொடங்கிய பிடிஜிஏ என்ற தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கத்தின் உறுப்பினர் அட்டை போட்டி ஆடுகிறவர்களுக்கு. சாயங்காலம் காலாற நடக்கிறவருக்கு அது எதற்கு? அமெரிக்காவில் பெரும்பாலான மைதானங்கள் இலவசம். யூடிஸ்க் செயலியில் மைதானத்தின் வரைபடம் கிடைக்கும். அடுத்த கூடை எங்கே என்று புதர்களுக்குள் தேட வேண்டியிருக்காது.

கலிஃபோர்னியாவில் ஒரு பூங்காவுக்குப் போனோம். ‘இலவச மைதானம்’ என்று படித்துவிட்டுத்தான் போனோம். வாசலில் காருக்குப் பணம் வாங்கிவிட்டார்கள். இது ஏமாற்று இல்லையா? (ஆர்., கோவை)

இல்லை. ஆட்டம் இலவசம், கார் இலவசமில்லை. கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பூங்கா, மாநிலப் பூங்கா பலவற்றில் இதுதான் நடைமுறை. ஓரிகனில் மைலோ மெக்ஐவர் பூங்காவின் மைதானத்துக்காகவே ஆட்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள். அவர்களும் நிறுத்தக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் இடங்களும் உண்டு. சான் டியாகோவில் பல்போவா பூங்காவின் மார்லி ஃபீல்ட் அப்படி. கிளம்பும் முன் பூங்காவின் சொந்த இணையப் பக்கத்தில் ‘பார்க்கிங்’ என்ற சொல்லைத் தேடுங்கள். ஆறு மாதம் தங்குகிறவர் வருட பாஸ் விலையையும் பார்க்கலாம். வெளியே சாலையோரம் நிறுத்திவிட்டு அபராதச் சீட்டு வாங்கினால் எனக்கு எழுதாதீர்கள்.

ஏழு தட்டுகள் கொண்ட செட், எல்லாம் ‘ஸ்பீடு 12’, ‘ஸ்பீடு 13’. நல்ல விலை கொடுத்து வாங்கினேன். எப்படி எறிந்தாலும் இடது பக்கம் போய் மண்ணில் குத்துகிறது. குறையுள்ள சரக்கைத் தள்ளிவிட்டார்களா? (பொறியாளர், டாலஸ்)

சரக்கில் குறை இல்லை. தட்டில் நான்கு எண்கள் இருந்ததைப் பார்த்தீர்களா? வேகம், மிதப்பு, திரும்பல், கடைசி வளைவு. நீங்கள் முதல் எண்ணை மட்டும் பார்த்தீர்கள். அது தட்டு தானாகப் போகும் வேகமில்லை. அது ஒழுங்காகப் பறக்க உங்கள் கை கொடுக்க வேண்டிய வேகம். கொடுக்காவிட்டால், வலக்கைக்காரர் புறங்கையால் எறிந்தது உடனே இடதுபுறம் சாயும். பைக் ஓட்டப் பழகுகிறவர் ரேஸ் பைக் வாங்கியது போலத்தான்.

திட்டுகிறேனே தவிர, நானும் இதைத்தான் செய்தேன். கடைக்காரப் பையன் “எது ரொம்ப தூரம் போகும்னு கேக்கறீங்களா?” என்றான். ஆமாம் என்றேன். ஊதா நிறத்தில் 175 கிராம், ஸ்பீடு 13. இப்போது எங்கள் வீட்டுப் பால்கனியில் துளசித் தொட்டிக்கு அடியில் தண்ணீர் பிடிக்கிறது. அந்த வேலையைக் குறை சொல்ல முடியாது.

புதிதாக ஆடுகிறவருக்கு ஒரு பட்டர் (கோவில் பட்டர் இல்லை, ஸ்பீடு 2, 3 உள்ள தட்டு), ஒரு மிட்ரேஞ்ச் (4, 5) போதும். 150, 160 கிராமில் கிடைத்தால் இன்னும் நல்லது. சாதாரண பிளாஸ்டிக்கில் தட்டு ஒன்று சுமார் 10 டாலர். பளபளக்கும் உயர்தர பிளாஸ்டிக் ஏறக்குறைய இரு மடங்கு. மரத்தில் அடித்தாலும் சீக்கிரம் தேயாது என்பதற்குத்தான் அந்த விலை. முதல் மாதம் மரத்தில்தான் அடிப்பீர்கள். ஆனால் குளத்திலும் போடுவீர்கள். அதனால் மலிவானதே வாங்குங்கள்.

பெரிய கடையில் 175 கிராம் பறக்கும் தட்டு வாங்கினேன். கூடைக்குள் விழாமல் எகிறி வெளியே போகிறது. (எம்., சிகாகோ)

அது அல்டிமேட் என்ற வேறு ஆட்டம் ஆடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எறிந்து பிடிக்கிற தட்டு. அகலம் அதிகம். ரசீது இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் பேரனோடு பிடித்து விளையாடுங்கள்.

நான் எறிந்த தட்டு நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெண்மணி மேல் பட்டு மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. பணம் கேட்கிறார். வழியில் வந்தது அவர்தானே? (பெயர் வேண்டாம்)

கொடுங்கள்.

பூங்கா கார் நிறுத்தத்தில் ஒருவர் பழைய தட்டுகள் விற்றார். 12 தட்டு 60 டாலர். நல்ல நிலையில் இருக்கின்றன. ஆனால் பின்பக்கம் வேறு வேறு பெயரும் ஃபோன் எண்ணும் எழுதியிருக்கின்றன. வாங்கியது தப்பா? (கே., டாம்பா)

எழுதியிருப்பதைப் பார்த்த பிறகும் இந்தக் கேள்வியா? இந்த விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் உண்டு. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் கால்ஃப் ஆடுகிறவர் தட்டின் அடியில் பெயரும் எண்ணும் எழுதுவது அழகுக்கு இல்லை. தொலைந்தால் எடுத்தவர் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார் என்ற நம்பிக்கையில். கட்டணமில்லாத, காவலாளி இல்லாத பூங்காவில் இந்த ஆட்டம் ஓடுவதே அந்த மாதிரி நம்பிக்கையில்தான். குளத்தில் இறங்கி, காலால் துழாவி எடுத்து, மை காயுமுன் காசாக்குகிறவர் அதைத்தான் விற்கிறார். வாங்குகிறவர் இருப்பதால் விற்கிறார்.

அந்த வேலை ஆபத்தும்கூட. உங்கள் பக்கத்து ஊர்தான்: லார்கோவில் டெய்லர் பூங்கா. 2022-இல் அங்கே ஏரியில் தட்டு தேடிய ஒருவரை முதலை கொன்றது. தண்ணீரில் இறங்காதீர்கள் என்ற பலகை அங்கே இருந்தது. பத்து, இருபது டாலர் தட்டுக்காக ஓர் உயிர்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு ஈரச் செருப்போடு நின்ற ஒருவரிடம் 5 டாலருக்கு ஒரு ஆரஞ்சுத் தட்டு வாங்கினேன். பெயரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தார். சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரிந்தது. நான் சாய்த்துப் பிடிக்கவில்லை. மூன்றாவது கூடையில் எனக்குப் பின்னால் வந்த பெரியவர் “கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேட்டு வாங்கினார். விளிம்பில் நகக்கண் அளவு ஒரு வெட்டு. அதில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, எந்த மரத்தில் எந்த வாரம் பட்டது என்று சொன்னார். திட்டவில்லை. “எவ்வளவு கொடுத்தீர்கள்?” என்று பர்ஸை எடுத்தார். அதுதான் தாங்க முடியவில்லை. தட்டைக் கொடுத்துவிட்டு மீதி ஆறு கூடையையும் ஆடாமல் வந்துவிட்டேன்.

ஆகவே, 12 எண்களுக்கும் செய்தி அனுப்புங்கள். ‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்று பலர் சொல்லக்கூடும். அப்புறம் அவை உங்களுடையவை. கேட்கிறவருக்குத் திருப்பிக் கொடுங்கள். 60 டாலரைப் பற்றி என்னிடம் வருத்தப்படாதீர்கள்.

‘கடை மூடுகிறோம், 80 சதவீதத் தள்ளுபடி’ என்று விளம்பரம் பார்த்து, பையும் தட்டுகளும் 49 டாலருக்கு ஆர்டர் செய்தேன். எதுவும் வரவில்லை. ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று காட்டுகிறது. மகளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. (அம்மா ஒருவர், நியூ ஜெர்சி)

கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை அம்மா. தயாரிப்பாளரின் படத்தைத் திருடி, ஒரு வாரத்தில் தளம் கட்டி, பணம் சேர்ந்ததும் இழுத்து மூடுகிற கூட்டம் இது. அதே ஊரில் வேறு முகவரிக்கு ஏதோ ஒரு உறையை அனுப்பிவிட்டு அந்த டிராக்கிங் எண்ணை உங்களுக்குத் தருவார்கள். அதனால்தான் ‘டெலிவரி’ என்று காட்டுகிறது.

இன்றே மகளிடம் சொல்லுங்கள், கார்டு அவருடையதாக இருக்கலாம். கிரெடிட் கார்டு என்றால், பொருள் வரவில்லை என்று அந்தக் கட்டணத்தை மறுக்க அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. பில் அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். டெபிட் கார்டு என்றால் பாதுகாப்பு குறைவு, ஆனாலும் வங்கியைக் கூப்பிடுங்கள். தபால் நிலையத்தில் அந்த எண்ணைக் காட்டி, பொதி உங்கள் முகவரிக்கு வரவில்லை என்று எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். கிடைத்தால் வங்கியில் உங்கள் பக்கம் பலமாகும். நுகர்வோர் புகார்களைப் பார்க்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசியின் தளத்தில் புகார் பதியுங்கள். பணம் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள்.

ஊர் திரும்பும்போது மடக்குக் கூடை ஒன்று திருச்சிக்கு எடுத்து வரலாமா? (எஸ்., அட்லாண்டா)

சங்கிலியின் எடையைத் தூக்கிப் பார்த்தீர்களா? வேண்டாம். ஒரு பழைய வாளியும் தென்னை மரமும் போதும்.

ஹெல்சிங்கியில் மூன்று நாள், ரேக்யவிக்கில் ஒரு நாள். ஆட ஆசை. அதற்காகத் தட்டு வாங்கவா? (டி., சென்னை)

ஃபின்லாந்தில் நூலகங்கள் பலவற்றில் புத்தகம் போலவே தட்டும் இரவல் தருகிறார்கள். நூலக அட்டை வேண்டும், ஆகவே அங்கே தங்கும் வீட்டுக்காரரைக் கேளுங்கள். ரேக்யவிக்கில் கிளாம்பிராடூன் பூங்காவில், நகருக்குள்ளேயே 9 கூடை உண்டு. காற்று பலமாக இருக்கும். எடை குறைந்த தட்டு எங்கோ போய்விடும்.

இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பட்டர் வாங்கிக் கைப்பையில் போடுங்கள். சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. ஹெல்சிங்கியில் ஜூனில் ராத்திரி பத்து மணிக்கும் கூடை கண்ணுக்குத் தெரியும், அவசரப்படாமல் ஆடலாம். அடியில் உங்கள் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதுங்கள். +91 முதலில்.