பழைய காரின் பின்பட்டை வேலை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

காரைக்குடியில் பட்டறை வைத்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று ஊருக்கு வருகிறவர்கள் வீட்டைத் திறந்த கையோடு ஷெட்டையும் திறந்து, தூசி மூடிய அம்பாசடரையோ பத்மினியையோ ஓட்டிப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கேள்விகள் வருகின்றன. இந்த முறை எல்லாமே பின்பக்கத்தைப் பற்றியவை. பட்டை என்று நான் சொல்வது, காரின் பின்பக்கப் பாரத்தைத் தாங்கும், இலை இலையாக அடுக்கிய எஃகு வில்லை (லீஃப் ஸ்பிரிங்). அதன் இரு முனையிலும் சுருட்டியிருக்கும் வளையம்தான் கண்.

கானாடுகாத்தானிலிருந்து: அப்பச்சி வைத்திருந்த அம்பாசடர். பின்புறம் இடது பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்து நிற்கிறது. இரண்டு ஷாக் அப்சார்பரும் புதிதாக மாற்றியும் நிமிரவில்லை. கடைக்காரர் மட்டமான சாமானைக் கொடுத்துவிட்டாரா?

கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள். உங்கள் வீட்டு ஊஞ்சலைப் பாருங்கள். பலகையைத் தாங்குவது சங்கிலி. ஆட்டத்தை நிறுத்துவது தரையில் ஊன்றும் கால். காரில் பட்டைதான் சங்கிலி, ஷாக் வெறும் கால். அது பாரம் தாங்காது. சமதரையில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இடது பட்டையில் ஏதோ ஒரு இலை உடைந்திருக்கலாம், அல்லது வளைவு செத்திருக்கலாம். விரிசல் பெரும்பாலும் இலைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் துளையருகே, பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கழற்றினால்தான் தெரியும். மாற்றுவதானால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் வலது பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று எழுதுவீர்கள்.

பள்ளத்தூரிலிருந்து: மெயின் பட்டையில் கீறல். வெல்டிங் வைத்துச் சமாளிக்கலாமா அண்ணே?

கூடாது தம்பி. பட்டையின் பலம் முழுவதும் அதன் பதத்தில் இருக்கிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும், பிறகு ஒட்டுக்குப் பக்கத்திலேயே முறியும். கேஸ் அடித்து வளைவு ஏற்றுகிறவர்களுக்கும் இதே பதில்தான். உடைந்த பட்டையை வீணாக்க மனமில்லையென்றால் கொல்லரிடம் கொடுங்கள், நல்ல அரிவாள் அடித்துத் தருவார்.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி: மகன் வீட்டிலேயே வேலை பார்க்கிறேன் என்று ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்கிறான். எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஆச்சி, நீங்கள் பதறுவது சரிதான். இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய பிறகு வண்டி ஸ்டாண்டு மேல் நிற்க வேண்டும். முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். செங்கல்லை அடுக்கி நிறுத்தவே கூடாது, அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். செம்மண் தரையில் ஸ்டாண்டு புதையும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கல் வெடிக்கும். இரண்டிலும் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போட வேண்டும். அதற்காகப் பரணில் கிடக்கும் பர்மா தேக்கை எடுத்துவிடாதீர்கள், வேலம்பலகை போதும்.

கோட்டையூரிலிருந்து: பத்மினியின் பட்டைக் கண்ணில் உள்ள ரப்பர் புஷ்களை நானே மாற்றினேன். மூன்றே மாதத்தில் ரப்பர் கிழிந்துவிட்டது. எங்கே தவறினேன்?

என்னிடம் வரும் பாதி வண்டிகள் இந்தத் தவற்றோடுதான் வருகின்றன. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே, கண்ணுக்குள் செல்லும் பின்னின் நட்டுகளை இறுக்கியிருப்பீர்கள். அப்போது பட்டை முழு வளைவில் இருக்கும். வண்டியை இறக்கியதும் பட்டை தட்டையாகும், கண் திரும்பும், ஆனால் இறுகிய ரப்பர் திரும்ப முடியாமல் முறுக்கிக்கொள்ளும். வண்டி சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு விடாது. மேட்டுப்பள்ளத்தில் நான்கு நாள் ஓடினால் கிழியாமல் என்ன செய்யும்?

நான் செய்யும் முறை இது. முதல் நாள் இரவே நட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து டீசல் ஊற்றி ஊறவிடுவேன். மறுநாள், முன்கண்ணுக்குச் சற்று முன்னால் வண்டியின் அடிச்சட்டத்தில் ஸ்டாண்டு, பின் அச்சின் அடியில் ஜாக்கி. ஷாக்கின் கீழ் நட்டு, பிறகு யூ போல்ட், பிறகு அச்சை மெதுவாக இறக்குவது. அச்சு பிரேக் ஹோஸில் தொங்கிவிடக் கூடாது. ஒரு கண் அதன் மேலேயே இருக்கட்டும். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். புது ரப்பரைச் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றுங்கள். டீசலோ கிரீஸோ பட்டால் ரப்பர் உப்பிவிடும். அந்தக் காலத்தில் பிரேக் ஆயிலையே விளக்கெண்ணெய் கலந்து செய்தார்கள், ரப்பரைக் கெடுக்காது என்பதால். கண் பின்னின் நட்டுகளைக் கையால் திருகும் அளவுக்கு மட்டும் வைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, பின்சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்து இரண்டு முறை குலுக்கிவிட்டு, பிறகு முழுதாக இறுக்குங்கள்.

புதுவயலிலிருந்து: பின்பக்கம் கிறீச் என்று கத்துகிறது. எண்ணெய் விடலாமா?

எங்கிருந்து கத்துகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பட்டையின் பின்கண்ணை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ்ஷில் சத்தமென்றால் எண்ணெய் விட்டு அதைக் கெடுக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். இலைகளுக்கு இடையில் என்றால் பட்டையைப் பிரித்து, துரு தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவிச் சேர்ப்பதுதான் வைத்தியம். மேலே எண்ணெய் ஊற்றினால் இரண்டு நாள் அமைதியாக இருக்கும், மூன்றாம் நாள் நம் ஊர்ச் செம்மண் தூசி அதில் அப்பி உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

ஆத்தங்குடியிலிருந்து: புதுப் பட்டை போட்ட பிறகு வண்டி நண்டு மாதிரிச் சாய்ந்து ஓடுகிறது.

சென்டர் போல்டின் தலை அச்சு இருக்கையில் உள்ள குழியில் உட்காரவில்லை. இரு பக்கமும் பட்டையின் முன்கண்ணிலிருந்து அச்சு வரை அளந்து பாருங்கள், வேறுபாடு தெரியும். யூ போல்டைக் கழற்றி, தலையைக் குழியில் இறக்கி, புது யூ போல்ட் போட்டு இறுக்குங்கள். அதுவரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

கண்டனூரிலிருந்து: புது ஷாக்கை அப்படியே மாட்டலாமா?

நிமிர்த்திப் பிடித்து, முழுதாக இழுத்து முழுதாக அமுக்கி, ஐந்தாறு முறை செய்யுங்கள். கடையில் படுத்துக் கிடந்ததில் உள்ளே காற்று புகுந்திருக்கும். இடையில் தொய்வில்லாமல் ஒரே கனமாக இழுத்தால் மாட்டிவிடலாம்.

காரைக்குடியிலிருந்தே ஒருவர்: பழைய யூ போல்ட் நன்றாகத்தானே இருக்கிறது, அதையே போட்டுக்கொள்ளவா?

வேண்டாம் ஐயா. ஒரு முறை இறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், மறுபடி அதே பிடி பிடிக்காது. நட்டோடு புதிதாக வாங்குங்கள். கையேட்டில் உள்ள அளவுக்கு, நான்கு நட்டையும் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு பிள்ளையார்பட்டிக்கு ஒரு நடை போய் வந்து மறுபடி ஸ்பேனர் வையுங்கள். கால் சுற்றாவது இறங்கும்.