கால்வாய்க்கரையில் ஏது மேடு?

அன்புள்ள அக்காவுக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். ஏழு வருடம் பெங்களூரில் இருந்துவிட்டு இப்போது வீட்டிலிருந்தே வேலை. போன தை மாதம் ஒரு கிராவல் பைக் வாங்கினேன். பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார்தான், ஆனால் டயர் தடிமன். மண், சரளை எதிலும் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்க்கரையில் ஓட்டுகிறேன். டயர் 40 மில்லிமீட்டர் போதுமா, 45 போடவா என்று குழப்பம். அடுத்து, கரையில் ஏற்றமே இல்லை. 50 கிலோமீட்டர் ஓட்டினாலும் ஸ்ட்ராவா செயலியில் எலிவேஷன், அதாவது ஏறிய உயரம், சொற்பம்தான் வருகிறது, நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். முண்டந்துறைப் பக்கம் காட்டுப்பாதையில் விடியற்காலையில் சத்தமில்லாமல் போய்வந்துவிடலாமா? கடைசியாக ஒரு வருத்தம். போன வாரம் புல்லுக்கட்டோடு ஒரு பெரியவர் கரையை அடைத்துக்கொண்டு நின்றார். வழி கேட்டதற்கு ஏசினார். அமெரிக்காவின் கான்சாஸில் கிராவல் பந்தயத்துக்கு ஊரே வந்து கைதட்டுகிறது. நம் ஊரில் அந்தக் கலாசாரம் எப்போது வரும்?

ம.

பி.கு.: தேரிக்காட்டுச் செம்மணலில் ஓட்டலாமா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் எனக்கும் என் தங்கைக்கும் போனில் சண்டை. பின்கட்டில் சாய்த்துவைத்திருக்கும் அப்பாவின் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறாள். நான் மாட்டேன் என்கிறேன். அந்தச் சூட்டோடு உட்கார்ந்துதான் உங்களுக்கு எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கான்சாஸை முதலில் முடித்துவிடுகிறேன். எம்போரியா என்ற ஊரில் 2006இல் 200 மைல் பந்தயமாகத் தொடங்கினார்கள், 2022இல் இத்தாலியில் உலகச் சாம்பியன் போட்டியே வந்துவிட்டது. நல்லது, கைதட்டட்டும். என் அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கர். வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவே இதே கன்னடியன் கரையில் தினமும் சைக்கிளில் போய், மடை மடையாக நின்று, ஷட்டரைத் திருகி, தண்ணீர் மட்டத்தைப் பார்த்து நோட்டில் குறிப்பது அவர் வேலை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பணம் செலவழித்துச் செய்வதை அவர் வாரம் முழுக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தார். ஒருத்தரும் கைதட்டவில்லை. கடைமடைக்காரர்கள் ராத்திரி வந்து கதவைத் தட்டியதுதான் உண்டு.

காட்டு விஷயத்துக்கு ஏசத்தான் போகிறேன். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் உள்ளே போவது 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், தெரிந்துதானே ‘சத்தமில்லாமல்’ என்று எழுதுகிறீர்கள்? அந்தச் சத்தமில்லாமைதான் ஆபத்து. நடந்து வருகிறவனின் காலடி கரடிக்குக் கேட்டுவிடும், ஜீப் வந்தால் அரை மைலுக்கு முன்பே கேட்கும். சத்தமும் இல்லாமல் வேகமாகவும் ஒரு வளைவைத் திரும்புகிறவன் சைக்கிள்காரன் ஒருத்தன்தான். 2016இல் அமெரிக்காவில் மொன்டானா காட்டில் ஒருவர் அப்படித்தான் வளைவில் திரும்பி நேரே கரடிமேல் மோதினார். பிழைக்கவில்லை. நம் அடிவாரத்துக் கரடி தோட்டத்துக்கே இறங்கி வருகிறது, விடிகாலைதான் அதற்கும் தோது. பெற்றவர்களை நினைத்துக்கொண்டு அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

அப்புறம் எலிவேஷன். இதைப் படித்ததும் முதலில் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. கால்வாய்க்கரையில் ஏது மேடு தம்பி? அங்கே ஒரு மேடு இருந்திருந்தால் அந்தக் கால்வாய் பாயும் 12,500 ஏக்கரும் தரிசு. கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. மலையாள அரசன் ஒருவனிடம் தங்கப் பாவையைத் தானமாகப் பெற்ற கன்னட பிரம்மச்சாரி அதை என்ன செய்வதென்று அகத்தியரிடம் போய்க் கேட்டானாம். ஒரு பசுவின் பின்னால் போ, அது நடந்த வழியெல்லாம் கால்வாய் வெட்டு, படுத்த இடத்தில் குளம் வெட்டு என்றாராம் அவர். அப்பாவுக்கு அகத்தியர்மேல் பெரிய நம்பிக்கை கிடையாது, பசுவின் மேல் உண்டு. “மாடு வேணும்னு மேட்டுல ஏறாது, சரிவைக் கட்டிக்கிட்டே போவும். வெட்டுனவன் மட்டம் பாக்கத் தெரிஞ்சவன்” என்பார்.

அடுத்த ஞாயிறு கிழக்கே போகும்போது ஒன்று செய்யுங்கள். ஸ்ட்ராவாவை அணைத்துவிட்டு இடது கைப் பக்கம் பாருங்கள். கால்வாய் பிரியும் அணைக்கட்டை ஒட்டி தாமிரபரணி ஆறும் கால்வாயும் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடக்கும். போகப்போக ஆறு கீழே இறங்கி விலகிக்கொண்டே போகும், நீங்கள் மட்டும் மேலேயே நின்றுகொண்டிருப்பீர்கள். ஆற்றைவிட மெதுவாகக் கால்வாய் இறங்குகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். இரண்டுக்கும் நடுவில் விழுகிற அந்த உயரத்தில்தான் வயல் அத்தனையும் பாய்கிறது. தொடக்கத்திலேயே அவசரப்பட்டு ஓர் ஆள் உயரத்தைச் செலவழித்திருந்தால் கடைமடை வயல் மேட்டில் நின்றிருக்கும், தண்ணீர் அதன் காலடியில் போயிருக்கும். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் புறப்பட்ட தண்ணீர் பத்தமடை தாண்டி பிராஞ்சேரிக் குளம் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். பத்தமடை என்ற பெயரே பத்து மடை என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். ஒவ்வொரு சாண் உயரத்தையும் சிக்கனம் பிடித்து வெட்டியிருக்கிறான். அந்தச் சிக்கனத்தின் மேலே சைக்கிள் ஓட்டிக்கொண்டு ‘ஏற்றம் சொற்பம்’ என்று குறைபடுகிறீர்கள். பெங்களூர் நண்பர்கள் கிண்டல் செய்தால் இதைச் சொல்லுங்கள். புரியாவிட்டால் அவர்களை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள், இட்லி நான் தருகிறேன்.

நான் சைக்கிள் பழகியதே அந்த மட்டமான கரையில்தான். சித்திரையில் கால்வாய் அடைத்திருக்கும், விழுந்தாலும் மணலில்தான் விழுவேன் என்பது அப்பாவின் கணக்கு. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று அம்மா முனகினாள். எனக்கு சீட் எட்டாது. பாருக்கு அடியில் காலைவிட்டுக் குரங்குப் பெடல். அப்பா கேரியரைப் பிடித்துக்கொண்டு, “பைய... பைய... மூக்கை நேரா வச்சுக்கிட்டு மிதிட்டீ” என்று கூடவே ஓடி வருவார். ஆனி மாதத்துக்குள் நான் தேறிவிட்டேன். கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்ட முதல் வாரம் அவருக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனேன், மருத மரத்து வேரில் சக்கரம் ஏறி, நானும் சட்டியும் சைக்கிளும் ஒன்றாகக் கால்வாய்க்குள். அவர் முதலில் சைக்கிளைத்தான் தூக்கினார். அது நாற்பது வருடம் எங்கள் வீட்டில் ஓடிய கேலி. நீச்சல் தெரிந்தவளுக்கு எதற்குக் கை கொடுக்க வேண்டும் என்பது அவர் பதில்.

பழைய வண்டிதான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. அந்தக் கம்பி பிரேக் மழையில் பிடிக்கவே பிடிக்காது. ஐப்பசியில் மட்காடுக்குள் களிமண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது, குச்சியால் நோண்டிக்கொண்டே போக வேண்டும். நெருஞ்சி முள் ஏறினால் போச்சு. டியூபை உருவிக் கால்வாய்த் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு ஒட்டுப் போட உட்கார்ந்துவிடுவார். அமெரிக்கச் சைக்கிள்காரர்கள் ‘ஆட்டுத்தலை’ என்று பேர் வைத்துத் திட்டுகிற முள்ளும் இதே நெருஞ்சிதான். டயருக்குள் பால் மாதிரி ஒரு பசையை ஊற்றி ஓட்டையைத் தானே அடைக்க வைக்கும் உங்கள் டியூப்லெஸ்ஸைப் பார்த்திருந்தால் அப்பா வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

சரி, அந்தப் பெரியவர். தலையில் புல்லுக்கட்டு வைத்து நீங்கள் நடந்து பார்த்திருக்கிறீர்களா? கட்டு இரண்டு பக்கமும் தொங்கிக் காதை மூடும். கழுத்தைத் திருப்ப முடியாது, பின்னால் பார்க்க வேண்டுமானால் உடம்போடு திரும்ப வேண்டும். உடம்போடு திரும்பினால் கட்டு கரையை அடைக்கத்தான் செய்யும். அவர் அடைத்துக்கொண்டு நின்றதாக நீங்கள் எழுதுகிறீர்கள், ‘யாரு வாரா’ என்று பார்க்கத் திரும்பினார் என்று நான் நினைக்கிறேன். உங்கள் வண்டியில் பெல் இருக்கிறதா? டயர், ஸ்ட்ராவா, கான்சாஸ் எல்லாம் கடிதத்தில் இருக்கிறது, பெல் இல்லை. அப்பா முப்பதடி தூரத்திலேயே ஒரு தடவை அடிப்பார். பக்கத்தில் வந்ததும் இறங்கிவிடுவார். வண்டியை உருட்டிக்கொண்டே தாண்டி, “என்ன அண்ணாச்சி, மாடு ஈன்னுட்டா?” என்று கேட்டுவிட்டு, நாலடி போய்த்தான் ஏறுவார். அந்தக் கரையில் புல் அறுக்கிறவர், துணி துவைக்கிறவர், எருமை குளிப்பாட்டுகிறவர் எல்லாரும் வேலையில் இருக்கிறார்கள். நீங்கள் ஒருத்தர்தான் விளையாட்டில் இருக்கிறீர்கள். யார் இறங்க வேண்டும்?

தேரிக்காட்டில் ஓட்டலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். ஓட்டலாம், தள்ளிக்கொண்டு.

இவ்வளவும் எழுதிய பிறகுதான் டயர் ஞாபகம் வந்தது. எழுந்துபோய் அப்பா சைக்கிளின் பின்டயரைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். ரப்பர் வெடித்திருக்கிறது, எழுத்து மட்டும் தெரிகிறது. 28க்கு 1½. உங்கள் மில்லிமீட்டர் கணக்கில் அது 40 என்று எங்கள் ஊர் சைக்கிள் கடைப் பையன் சொல்கிறான். 40 போதும். பெல்லும் அவனிடமே கிடைக்கும்.

அன்புடன்,
அக்கா